கரைக்காற்றில் விற்ற டியூப்

கடற்கரையில் பொருள் விற்றுப் பிழைப்பவர்களைப் படம் எடுத்து ஒரு புத்தகமாகப் போட வேண்டும் என்று என் நண்பர் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். படம் எடுப்பது அவர் வேலை. படத்துக்குக் கீழே ஆளுக்குப் பத்து வரி எழுதுவது என் வேலை. மூன்று வாரம் மணலில் அலைந்தோம். சோளம் சுடுகிறவர், மணிமாலை விற்கும் அம்மா, கறுப்புக் கண்ணாடி விற்பவர், பிளாஸ்கில் தேநீர் கொண்டுவரும் அக்கா என்று முப்பத்தொரு பேர் எங்கள் கேமரா முன்னால் வந்து நின்றார்கள். எல்லோரும் மறக்காமல் தலை சீவிக்கொண்டு வந்தார்கள். சோளக்காரர் மட்டும் தன் அடுப்புக்குத் தனியாக ஒரு படம் வேண்டும் என்றார். தன்னைவிட அதுதான் அதிகம் உழைக்கிறதாம்.

முப்பத்திரண்டாவதாக நாங்கள் கேட்ட ஆள் ஒரு தொப்பிக்காரர். நீளக் கழியில் நாற்பது தொப்பிகளைக் குத்தித் தோளில் சாய்த்துக்கொண்டு, கடற்கரையின் கடைசியில், கழிப்பறைகளைத் தாண்டி நிற்பார். அங்கே யாரும் தொப்பி வாங்க வருவதில்லை. ஒடிசலான ஆள். ஐம்பத்திரண்டு வயதுக்கு முகம் கொஞ்சம் அதிகமாகவே வெந்திருந்தது. நண்பர் விஷயத்தைச் சொன்னதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, படம் வேண்டாம் என்று சொல்லி நடந்துவிட்டார்.

என்னை உறுத்தியது அதுவல்ல. மற்ற வியாபாரிகள் எல்லோரும் அவரை "டியூப் அண்ணே" என்று கூப்பிட்டார்கள். தலைக்கு மேல் நாற்பது தொப்பியோடு நிற்கிறவரை எதற்காக டியூப் என்று கூப்பிட வேண்டும்? தேநீர் அக்காவிடம் கேட்டேன். எல்லாக் கேள்விக்கும் இரண்டு பதில் வைத்திருக்கிற அந்த அக்கா, பிளாஸ்க் மூடியை இறுக்கித் திருகிவிட்டு, "அதை அவரே சொன்னாத்தான் கேட்டுக்கணும்" என்றார்.

நான்கு நாள் கழித்து அவரே என்னிடம் வந்தார். திங்கட்கிழமை கூட்டம் இருக்காது, வீட்டுக்கு வரச் சொன்னார். படம் மட்டும் கூடாது. பேசலாம், எழுதலாம். ஏன் என்றேன். "எழுத்துல முகம் தெரியாது இல்ல" என்றார்.

வீடு மூன்றாவது மாடியில் ஒரே அறை. படிக்கட்டில் ஒருவர் இறங்கினால் மற்றவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அறையில் ஒரு கட்டில், ஒரு பீரோ, திரைக்குப் பின்னால் அடுப்பு. மீதி இடமெல்லாம் தொப்பிகள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, தூண் தூணாகக் கூரை வரை நின்றன. ஒரே ஜன்னல். அதுவும் எதிரே இருக்கும் பெரிய விடுதியின் சமையல்கூடப் புகைபோக்கியைப் பார்த்தபடி இருந்தது. அவர் மனைவி அந்த விடுதியின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறார். பழக்கதோஷத்தில் கைக்கு எது வந்தாலும் நான்காக மடித்துவிடுகிறார். நாங்கள் பேசி முடிப்பதற்குள் ஒரு செய்தித்தாள், ஒரு பிளாஸ்டிக் பை, என் கைக்குட்டை மூன்றும் நாலு மடிப்பாகக் கட்டில் ஓரத்தில் அடுக்கப்பட்டிருந்தன. இவர்களுக்கு ஒரே மகள். வேறு ஊரில் தையல் ஆலையில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போனில் பேசுவாள். நான் இங்கே எழுதப்போவது அந்த மகளுக்கு இன்று வரை தெரியாது.

அவர் பன்னிரண்டு வயதில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டச் சேர்ந்தவர். பதினெட்டு வருடம் அந்தக் கடையிலேயே கழிந்தது. முதலாளி கண்ணை மூடியதும் பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள். அவருக்குக் கையில் மிஞ்சியது ஒரு காற்றுப் பம்பும், ஒட்டுப்போட்ட ஐந்தாறு லாரி டியூப்களும்தான். அவற்றை ஊதிக் கடற்கரைக்கு உருட்டிப் போய், குளிக்க வருகிறவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார். அப்படிக் கடலுக்கு வந்தவர். பிறகு பிளாஸ்டிக்கில் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று வளையங்கள் வந்ததும் அவற்றை வாங்கி விற்க ஆரம்பித்தார். டியூப்காரர் என்ற பெயர் அப்போது ஒட்டியது.

மற்றவர்கள் பெட்டியில் வந்ததை அப்படியே ஊதிக் கொடுப்பார்கள். இவர் அப்படிச் செய்ய மாட்டார். காலையில் வீட்டு வாசலில் பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு டியூபையும் முக்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எங்காவது ஒரு கொப்புளம் எழும்பினால் போதும், அது ஒட்டுப்போடப் போய்விடும். தையல் சரியில்லாதது குப்பைக்குப் போகும். அந்தக் கரையிலேயே காற்று இறங்காத டியூப் அவருடையதுதான் என்று பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இவ்வளவு வருடம் டியூப் விற்றவருக்கு நீந்தத் தெரியாது. மார்பு அளவு தண்ணீருக்கு மேல் போனதில்லை. நான் சிரித்துவிடுவேன் என்று எதிர்பார்த்தவர்போல் என் முகத்தைப் பார்த்தார்.

கடற்கரைக்கு வந்த மூன்றாவது வருடம் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். பெரும்பாலும் பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு வரும். டியூபில் யாராவது மிதந்தாலும், காற்றும் அலையும் சேர்ந்து திரும்பக் கரைக்கே தள்ளிவிடும். வருடத்தில் சில வாரங்கள் மட்டும் காற்று தலைகீழாகிவிடும். ஊர்ப்பக்கமிருந்து கடலைப் பார்த்து வீசும். கரைக்காற்று. அது முதுகில் பட்டும் படாமலும் வருவதால் யாருக்கும் உறைக்காது. வருகிற அலையை அது அமுக்கிவிடும். கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரிக் கிடக்கும். பார்க்கிறவர்கள், குழந்தையை இறக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று நினைப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் அவருடைய லாரி டியூப் ஒன்று, ஆள் இல்லாமல், தண்ணீர் ஓரத்திலிருந்து நழுவியது. எட்டிப் பிடித்துவிடலாம் என்று நான்கு எட்டு வைத்தார். அது ஆறு எட்டு தள்ளிப் போனது. பிறகு அவர் நின்றுவிட்டார். அவ்வளவு பெரிய டியூப் ஒரு புள்ளியாகி மறைவதைக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று முதல் கரைக்காற்று நாளில் டியூப் விற்பதில்லை என்று வைத்துக்கொண்டார். அந்த நாட்களில் டியூப் கழியில் தொங்கினாலும் பந்து, வாளி, மணல் வாரும் கரண்டி மட்டும் விற்பார். இதை அவர் யாருக்கும் விளக்குவதில்லை. ஒருமுறை சோளக்காரரிடம் சொன்னதற்கு, இவன் வியாபாரம் பண்ண வந்தானா வானிலை வாசிக்க வந்தானா என்று கரை முழுக்கச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பதினைந்து வருடம் அந்தக் கட்டுப்பாடு ஒருநாள்கூட மீறப்படவில்லை.

மீறப்பட்டது நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு விடுமுறை நாள் மாலை நான்கு மணிக்கு.

அப்பா, அம்மா, ஏழு வயதுப் பெண் குழந்தை. மூன்று பேரும் உள்ளூர்க்காரர்கள் அல்லர். குழந்தை, கழியில் தொங்கிய மஞ்சள் டியூபைப் பார்த்து நின்றுவிட்டது. அப்பா விலை கேட்டார். இன்றைக்கு டியூப் வேண்டாம், காற்று சரியில்லை என்று இவர் சொன்னார். அப்பா சுற்றிலும் பார்த்தார். ஒரு தாள்கூட அசையவில்லை. எங்கே காற்று என்று கேட்டார். பந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார் இவர். இரண்டாவது தடவையும் மறுத்தார். அப்பாவுக்குக் கொஞ்சம் சுருக்கென்று வந்துவிட்டது. "விக்கிறதுக்குத்தானே மாட்டி வச்சிருக்கீங்க? இல்ல, அழகுக்கா?" என்றார்.

தூரத்தில் இன்னொருவன் டியூப் வைத்துக்கொண்டு கூவிக்கொண்டிருந்தான். அவனுடையது தையல் விட்டுப்போகும் சரக்கு. இவர் கொடுக்காவிட்டால் அந்த அப்பா அங்கே போய் வாங்குவார். அதற்கு நம்முடையது எவ்வளவோ மேல். ஒரு கயிறு கட்டிக் கொடுத்தால், முழங்கால் தண்ணீரில் விளையாடினால், என்ன ஆகிவிடப்போகிறது? இப்படியெல்லாம் நினைத்துத்தான் கொடுத்தேன் என்று அவர் என்னிடம் சொன்னார். பிறகு அதை அவரே அழித்தார்.

"இதெல்லாம் அப்புறம் நானா சேத்துக்கிட்டது தம்பி. அந்த நேரத்துல ஒண்ணும் நினைக்கல. அந்த வாரம் முழுக்க ஒண்ணும் விக்கல. அவர் நோட்டை நீட்டினாரு. கை போயிடுச்சு."

கயிறு கட்டினார். முழங்காலுக்கு மேல் போகக் கூடாது, கயிற்றை விடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அப்பா தலையாட்டினார். நல்லபடியாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா கரையிலிருந்து ஏதோ கூப்பிட்டுக் கேட்க, பதில் சொல்லத் திரும்பினார். ஈரக் கயிறு. அவ்வளவுதான்.

இவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மஞ்சள் டியூப் சத்தமில்லாமல் நகர்ந்தது. குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அப்பாவும் முதலில் சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தார், பிறகு வேகமாக நடந்தார், பிறகு நீந்தினார். நன்றாகவே நீந்தத் தெரிந்தவர். ஆனால் டியூப் அவரைவிட வேகமாகப் போனது. இவர் கழியை வீசிவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினார். மார்பளவு வந்ததும் கால் நின்றுவிட்டது. திரும்பி, மீன்பிடிப் படகுகள் நிற்கும் இடத்துக்கு ஓடினார். அரை மைல். மோட்டார் படகுக்காரர் ஒருவர் வலை சரிசெய்துகொண்டிருந்தார். அவரை இழுத்துப் படகைத் தள்ள வைத்து, அது கிளம்புவதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டது.

குழந்தையைப் படகுக்காரர் வெகுதூரத்தில் கண்டுபிடித்தார். டியூபுக்குள் உட்கார்ந்திருந்தது. அழவில்லை. அப்பா பின்னாடி வர்றாரு என்று மட்டும் சொன்னது. டியூபில் ஒரு பொட்டுக் காற்றுகூட இறங்கவில்லை. அப்பாவின் உடல் மறுநாள் காலை தெற்குக் கோடியில் ஒதுங்கியது.

போலீஸ் வந்து விசாரித்தது. டியூபை வாங்கி அமுக்கிப் பார்த்தார்கள், தண்ணீரில் முக்கியும் பார்த்தார்கள். பொருளில் குறை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். விற்கும்போது எச்சரித்தீர்களா என்று கேட்டார்கள். எச்சரித்தேன் என்றார். அதுவும் உண்மை. காற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மறுநாள் செய்தித்தாளில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. தந்தை பலி, தரமான டியூபால் சிறுமி உயிர் தப்பினாள் என்று. அந்த வாரம் கடற்கரைக்கு வந்தவர்கள் டியூப்காரர் எங்கே என்று தேடித் தேடிக் கேட்டார்கள். அவருடைய டியூப்தான் வேண்டுமாம்.

அவர் வீட்டில் இருந்தார். காலையில் வேலைக்குக் கிளம்பிய மனைவியை நிறுத்தி, காற்று விஷயத்தைச் சொன்னார். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் அன்று ஒருநாள்தான் அவர் வேலைக்குத் தாமதமாகப் போனது. கேட்டு முடித்துவிட்டு, இதை இனி யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். அழவில்லை. கடற்கரையில் தெரிந்தால் கல்லெறிவார்கள், மகளுக்குத் தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள், செத்தவர் திரும்பி வரப்போவதில்லை. வரிசையாகச் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். இருந்த டியூப்களையெல்லாம் இவர் காற்றை இறக்கினார். அப்படியே குப்பையில் போட்டால் யாராவது எடுத்து ஊதிவிடுவார்கள் என்று தோன்றியது. கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் உள்ளங்கை அளவுக்கு நறுக்கினார். முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அடுத்த வாரம் தொப்பிக்கு மாறினார். பெயர் மட்டும் மாறவில்லை.

பதினான்கு மாதம் கழித்து அந்த அம்மா வந்தார்.

தேநீர் அக்காதான் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாராம். அந்த அம்மாவின் கையில் ஒரு துணிக்கடைப் பை. குழந்தை அவர் பின்னால், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சம் வளர்ந்திருந்தது. இவருக்குக் கழியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மணலில் நட்டார். அது சாய்ந்தது. மறுபடி நட்டார்.

அந்த அம்மா நிதானமாகப் பேசினார். முன்பே வந்திருக்க வேண்டும், இந்தக் கரையை மிதிக்க இவ்வளவு நாள் தைரியம் வரவில்லை என்றார். ஒவ்வொரு டியூபையும் தண்ணீரில் முக்கிப் பார்த்து விற்கிறவர் இவர் என்று போலீஸ்காரர் சொன்னாராம்.

"அன்னைக்கு அதுல கொஞ்சம் காத்து எறங்கியிருந்தா எனக்கு ரெண்டு பேருமே இல்லாம போயிருப்பாங்க. இவ இருக்கான்னா உங்களாலதான்" என்று பையை நீட்டினார். உள்ளே ஒரு சட்டை.

இவர் வாங்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த அம்மா பையை நீட்டியபடியே தொடர்ந்து பேசினார். கணவர் டியூப் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாராம். கடல் இவ்வளவு அமைதியாக இருக்கிறது, ஆசைப்படுகிறாள், வாங்கிக் கொடுங்கள் என்று தள்ளிவிட்டது தான்தான். கூப்பிட்டுத் திரும்ப வைத்ததும் தான்தான். பையில் துண்டு இருக்கிறதா என்று கேட்பதற்காகக் கூப்பிட்டாராம். ராத்திரி பகலாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாராம்.

அங்கேதான் தன்னால் அடக்க முடியவில்லை என்றார் தொப்பிக்காரர். தான் சுமக்க வேண்டியதை அந்த அம்மா சுமந்துகொண்டு நிற்கிறார் என்று தோன்றிவிட்டது.

"அம்மா, கடல் அமைதியா இருந்ததுதான் ஆபத்து. அது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

எல்லாவற்றையும் சொன்னார். கரைக்காற்று, பதினைந்து வருடக் கட்டுப்பாடு, முதுகில் அன்று காற்று பட்டது, தெரிந்தே கொடுத்தது. குழந்தை கேட்டுக்கொண்டிருந்தது என்பது முடித்த பிறகுதான் உறைத்தது.

அந்த அம்மா கத்துவார், அறைவார், ஆட்களைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தார். அப்படி நடந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாராம். ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்:

"இதை எதுக்கு எங்கிட்ட சொன்னீங்க?"

இவர் சாயத் தொடங்கிய கழியைப் பிடித்தார். அந்த அம்மாவே சொன்னார்:

"சொல்லலன்னா உங்களுக்குத் தூக்கம் வரல. அதுக்காகச் சொல்லிட்டீங்க. எங்கிட்ட இருந்தது இந்த ஒரு நல்லது. யாரோ ஒருத்தர் வேலையை ஒழுங்கா செஞ்சாரு, அதனால எம் பொண்ணு பொழச்சான்னு. அதையும் எடுத்துக்கிட்டீங்க."

பையை மணலில் வைத்துவிட்டுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பத்தடி போயிருப்பார். திரும்பி வந்து பையை எடுத்துக்கொண்டு போனார்.

இதைச் சொல்லி முடித்ததும் தொப்பிக்காரர் எழுந்து திரைக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடித்தார். அதுவரை என் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, குரலை இறக்காமலேயே பேசினார். உள்ளே கேட்க வேண்டும் என்றே பேசியதுபோல் இருந்தது.

"இவருக்கு நல்லவரா இருக்கணும்னு ஆசை தம்பி. ஒரு சட்டையை வாங்கிக்கிட்டு சரிம்மான்னு சொல்லியிருந்தா, அந்தம்மா நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்கும். அது வாங்கிக்கறதுக்கு வரல. குடுக்கறதுக்கு வந்துச்சு."

திரைக்குப் பின்னால் தம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. இந்தப் பேச்சு அந்த அறையில் எத்தனையாவது முறை நடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன். யார் சொல்வது சரி என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் அவரிடமும் மற்றவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மா போன மறுவாரம் அவர் நகராட்சிக்குப் போனார். கரைக்காற்று நாளில் ஒரு கொடியாவது கட்டுங்கள் என்று மனு கொடுத்தார். காற்று தங்கள் பிரிவில் வராது என்று சொன்னார்கள். மூன்றாவது தடவை போனபோது, தொல்லை விட்டால் போதும் என்று ஒரு பலகை வைத்தார்கள். குளிப்பது ஆபத்தானது என்று எழுதியிருந்தது. ஆபத்தான நாளிலும் அது அங்கே நின்றது, ஆபத்தில்லாத நாளிலும் நின்றது. யாரும் படிக்கவில்லை. குடும்பத்தோடு வருகிறவர்கள் அதில் ஈரத்துணி காயப்போட்டார்கள்.

அப்புறம் அவரே தண்ணீர் ஓரத்தில் போய் நிற்க ஆரம்பித்தார். தொப்பிக் கழியோடு நின்று, குழந்தைகளைக் கூட்டிவரும் அப்பா அம்மாக்களிடம் இன்று இறங்க வேண்டாம் என்பார். சிலர் கேட்டுக்கொண்டார்கள். பலர் தொப்பி விற்கப் புது வழி என்று நினைத்தார்கள். கணவன் விட்டுப்போன ஒரு பெண் அப்போது புதிதாக டியூப் விற்க வந்திருந்தாள். வாத்து வடிவத்தில், கழுத்து நீண்ட டியூப்கள். அந்த நாட்களில் மட்டும் விற்காதே என்று அவளிடம் கெஞ்சினார். அவள் மரியாதையாகத்தான் கேட்டாள்: "பதினெட்டு வருஷம் நீங்க வித்தீங்கண்ணே. அதுல சாப்பிட்டீங்க, பொண்ணை வளத்தீங்க. நான் ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு என்ன செய்யட்டும்?" சில நாள் அவள் இவர் பேச்சைக் கேட்பாள், பல நாள் கேட்க மாட்டாள்.

ஒரு நாள் தூரத்தில் மஞ்சளாக ஏதோ மிதப்பதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் படகுக்காரரைக் கிளப்பிவிட்டார். கரையே கூடிவிட்டது. அது வலைக்காரர்களின் பழைய மிதவை. பாதிக் கூட்டம் சிரித்தது, பாதிக் கூட்டம் திட்டியது. இவரால் வியாபாரம் கெடுகிறது என்று வியாபாரிகள் சங்கத்தில் பேசி, அவருடைய இடத்தைக் கழிப்பறைகளுக்கு அப்பால் மாற்றினார்கள். நான் அவரை முதலில் பார்த்தது அங்கேதான்.

புத்தகம் வந்தது. முப்பத்தொரு பேரின் படங்களும் இருந்தன. ஒரு வருடம் கழித்து, வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். கடற்கரையில் அவரைக் காணவில்லை. தேநீர் அக்கா விடுதியைக் கைகாட்டினார். மனைவி மேலாளரிடம் சொல்லி அவரைச் சலவைப் பிரிவில் சேர்த்துவிட்டாராம்.

விடுதியின் பின்வாசலில் மனைவியைப் பார்த்தேன். இன்னும் மெலிந்திருந்தார். என்னை உட்காரச் சொல்ல அங்கே இடம் இல்லை. நின்றுகொண்டே பேசினோம். முதலில் கணவருக்கு மொட்டைமாடியில் வேலை கொடுத்தார்களாம். ஈர விரிப்புகளைத் தூக்கிப்போய்க் கொடியில் போடுகிற வேலை. லேசான வேலைதான். ஆனால் மொட்டைமாடியிலிருந்து கடல் தெரியும். கொடியில் போட்ட விரிப்பு எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாராம். கடலைப் பார்த்து எழும்பினால் போட்டது போட்டபடி கிடக்க, படி இறங்கிக் கடற்கரைக்குப் போய்விடுவார். மேலாளர் இரண்டு தடவை எச்சரித்தார். மூன்றாவது தடவை அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

"நான்தான் போய்க் கேட்டேன். கீழ மாத்துங்கன்னு" என்றார் மனைவி.

கீழே என்றால் தரைக்கு அடியில். இயந்திரங்கள் ஓடும் அறை. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சிமெண்ட் படிகளில் இறங்க இறங்கச் சூடு ஏறியது. ஜன்னல் கிடையாது. குழல் விளக்கு. ஆறு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. தொப்பிக்காரர் ஒரு தள்ளுவண்டியிலிருந்து ஈர விரிப்புகளை எடுத்து உலர்த்தும் இயந்திரத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தார். முகத்தில் வெயில் அடித்த கறுப்பு பாதி போயிருந்தது. அதனால் வேறு யாரோ மாதிரி இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். சோளக்காரர், தேநீர் அக்கா எல்லோரையும் விசாரித்தார். மகள் அடுத்த மாதம் வருகிறாள் என்றார். தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். இங்கே உழைத்தால் அடித்துப் போட்டது மாதிரி வருகிறது என்றார். பொய் என்று தோன்றவில்லை.

கிளம்பும்போது கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு கதவு வரை வந்தார். இயந்திரச் சத்தத்தில் காதருகே குனிந்து கேட்டார்.

"மேல காத்து எப்படி இருக்கு?"

நான் கவனித்து வரவில்லை. கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுத்தான் வந்திருந்தேன், இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அவர் பின்னால் நின்றிருந்த மனைவியின் முகத்தைப் பார்த்தேன்.

"கடல்லேருந்துதான் வருது" என்றேன்.

தலையாட்டிவிட்டுத் தள்ளுவண்டிப் பக்கம் திரும்பினார். அடுத்த விரிப்பை எடுத்தார்.

படியேறும்போது மனைவி எனக்கு முன்னால் போனார். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றவர், திரும்பாமலேயே சொன்னார்: "அப்படியே சொல்லணும் தம்பி. இங்க எல்லாரும் அவருக்கு அப்படித்தான் சொல்றோம்."